பந்தயத் திடலில் கூம்பு பொறுக்குபவர்கள்

"பந்தயம்" என்ற சொல்லைக் கண்டதும் எமது வாசகர்களில் சிலர் பக்கத்தைப் புரட்டிவிடக் கூடும். ஓட்டப் போட்டிக்கும் பணம் வைத்து ஆடும் சூதுக்கும் தமிழில் நாம் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். இவ்வாரம் எழுதப்போவது சூது இல்லாத பந்தயத்தைப் பற்றி. இதில் ஓடுபவர் தன் கைக்காசில் நுழைவுக் கட்டணம் கட்டுகிறார். வென்றாலும் பெரும்பாலும் ஒரு சிறு கிண்ணத்தோடு வீடு திரும்புகிறார். வியாபாரப் பகுதியில் இதற்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். கடையில் ஆட்களை வேலைக்கு வைத்திருப்பவருக்கும், பாடசாலைக்குச் சரிப்பட்டு வராத ஒரு பிள்ளையை வீட்டில் வைத்திருப்பவருக்கும் இதில் விடயம் இருக்கிறது.

கார் ரேஸ் என்றால் எமக்கு நினைவு வருவது போர்மியுலா வன். கோடிக்கணக்கான டொலர், தொலைக்காட்சி, நட்சத்திர ஓட்டுநர்கள். ஆனால் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் வார இறுதி நாட்களில் வேறு வகையான ரேஸ் நடக்கிறது. அங்கே ஓடுபவர்கள் மெக்கானிக்குகள், கணக்காளர்கள், லொறி சாரதிகள், பல்கலைக்கழக மாணவர்கள். திங்கட்கிழமை வேலைக்குக் கொண்டுபோகும் அதே காரைத்தான் ஞாயிற்றுக்கிழமை திடலுக்கும் கொண்டு வருவார்கள். அமெரிக்காவில் இதற்கு "ஓட்டோகிராஸ்" என்று பெயர். 1944இல் ஆரம்பிக்கப்பட்ட எஸ்.சி.சி.ஏ. என்ற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கழகத்தின் கிளைகள் நாடெங்கும் இதை நடத்துகின்றன. வருடத்திற்கு ஒருமுறை நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில் நடக்கும் தேசியப் போட்டிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வருகிறார்கள். உள்ளூர்ப் போட்டிக்கு நூறு பேர் வந்தாலே நல்ல கூட்டம்.

இது எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். விடயமே அதில்தான் இருக்கிறது.

ஒரு பெரிய வாகனத் தரிப்பிடத்தையோ பழைய விமான ஓடுபாதையையோ நாள் வாடகைக்கு எடுக்கிறார்கள். வீதி திருத்தும் இடங்களில் வைப்பார்களே, செம்மஞ்சள் நிற இறப்பர் கூம்பு, அதை நூற்றுக்கணக்கில் அடுக்கி வளைந்து வளைந்து போகும் ஒரு பாதை அமைக்கிறார்கள். காலையில் பதிவு. பிறகு வாகனப் பரிசோதனை: சில்லு நட்டுகள் இறுக்கமாக உள்ளனவா, பற்றரி அசையாமல் இருக்கிறதா, காருக்குள் உருளக்கூடிய பொருள் ஏதும் கிடக்கிறதா, ஹெல்மட் தரமானதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். அதன் பின் எல்லோரும் பாதையைக் காலால் நடந்து மனனம் செய்வார்கள். பிறகு ஓட்டுநர் கூட்டம். அதற்குப் பிறகே ஓட்டம்.

கார்கள் ஒன்றோடொன்று முட்டி மோதி ஓடுவதில்லை. ஒவ்வொருவராகக் கடிகாரத்தோடு போட்டியிட வேண்டும். ஒரு சுற்று பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒரு நாளில் ஒருவருக்கு நான்கைந்து சுற்றுக் கிடைக்கும். வேகம் நெடுஞ்சாலை வேகத்தைத் தாண்டுவதில்லை. ஒரு கூம்பைத் தட்டினால் 2 செக்கன் தண்டம். தட்டியது என்பதற்கும் வரைவிலக்கணம் இருக்கிறது. ஒவ்வொரு கூம்பின் அடியைச் சுற்றியும் நிலத்தில் ஒரு கட்டம் வரைந்திருப்பார்கள். கூம்பு நகர்ந்தாலும் நிமிர்ந்து நின்று, அதன் ஏதாவது ஒரு பகுதி கட்டத்துக்குள் இருந்தால் தண்டம் இல்லை. விழுந்துவிட்டால் அல்லது முழுதாகக் கட்டத்துக்கு வெளியே போய்விட்டால் தண்டம். இதில் வாதாட இடமில்லை. முதலாளியின் மகனுக்கும் இதே 2 செக்கன்தான்.

இன்னொரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. ஓட வந்த ஒவ்வொருவரும் வேலையும் செய்ய வேண்டும். ஒரு பிரிவினர் ஓடும்போது மற்றப் பிரிவினர் திடலில் நின்று விழுந்த கூம்பை எடுத்து வைக்க வேண்டும், எந்தக் காருக்கு எத்தனை கூம்பு என்று வானொலியில் அறிவிக்க வேண்டும், நேரக் கணிப்பு அறையில் உட்கார்ந்து எழுத வேண்டும். பிறகு மாறிக்கொள்வார்கள். பத்து வருட சம்பியனும் வெயிலில் ஓடிப்போய்க் கூம்பு பொறுக்குவார், அன்றுதான் முதன்முதல் வந்த பையனும் பொறுக்குவான். ஹெல்மட் இல்லாமல் வந்தவருக்குக் கழகமே இரவல் கொடுக்கும். புதியவரின் பக்கத்து ஆசனத்தில் அனுபவசாலி ஒருவர் ஏறி உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பார்.

இப்படிப்பட்ட திடல்களில் ஒரு வகை மனிதர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். மற்ற இடங்களில் அவர்களுக்கு இடம் கிடைப்பது அபூர்வம். கண்ணைப் பார்த்துப் பேச முடியாதவர்கள், திருமண வீட்டில் பத்து நிமிடம் உட்கார முடியாதவர்கள், ஒரே விடயத்தை மணிக்கணக்கில் பேசுபவர்கள், எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறுபவர்கள், கையும் காலும் ஓய்ந்திருக்காதவர்கள். வைத்தியர்கள் இவற்றுக்கு ஒட்டிசம், டிஸ்லெக்ஸியா, ஏ.டி.எச்.டி. எனும் கவனக் குறைபாடு என்றெல்லாம் பெயர் வைத்திருக்கிறார்கள். 1990களின் இறுதியிலிருந்து இவை அனைத்தையும் சேர்த்து "நரம்பியல் பன்முகத்தன்மை" என்று சொல்லும் வழக்கம் பரவியது. மரங்களில் பல இனம் இருப்பது போல மூளைகளிலும் பல வகை உண்டு என்பது இச்சொல்லின் கருத்து. சொல் வாய்க்குள் நுழையக் கடினம்தான். கருத்து அவ்வளவு கடினமில்லை.

இந்தக் கழகங்களை ஆரம்பித்தவர்கள் யாரும் ஒட்டிசத்தை மனதில் வைத்து விதி எழுதவில்லை. கார்ப் பைத்தியங்கள் தமக்காக உண்டாக்கிய ஏற்பாடு அது. ஆனால் அதன் அமைப்பு இவர்களுக்குப் பொருந்திவிட்டது. நாள் எந்த ஒழுங்கில் நடக்கும் என்று முன்கூட்டியே தெரியும். விதி அச்சிட்ட புத்தகத்தில் இருக்கிறது, ஆளின் முகக்குறிப்பில் இல்லை. அங்கே போய் நலம் விசாரித்து, சுற்றி வளைத்துப் பேச வேண்டியதில்லை. "உங்கள் காரில் என்ன டயர், எவ்வளவு காற்று?" என்று ஆரம்பித்தால் போதும், அரை மணி நேரம் பேசலாம். பேச விருப்பமில்லாவிட்டால் கையில் ஒரு வேலை தரப்பட்டிருக்கிறது, அதைச் செய்துகொண்டு கூட்டத்தின் நடுவே நிற்கலாம். வேலை செய்பவனை யாரும் "ஏன் சும்மா நிற்கிறாய்" என்று கேட்பதில்லை. ஓடும் முறை வந்தால் ஹெல்மட்டுக்குள் அவன் தனியாள்.

ஒரு சிறு கிளைக்கதை, வியாபாரிகளுக்கு ருசிக்கும் என்பதால். அமெரிக்காவில் இத்தகைய அடிமட்ட மோட்டார் விளையாட்டுக்கென்றே ஒரு சஞ்சிகை வெளிவருகிறது. 1984இல் புளோரிடாவில் ஆரம்பித்தது. அவர்கள் ஒரு போட்டி நடத்துகிறார்கள். 2000 டொலருக்குள் ஒரு காரை வாங்கித் திருத்தி, அதைக் கூம்புப் பாதையிலும் நேர்கோட்டு ஓட்டத்திலும் ஓட்டி, கடைசியில் நடுவர்களிடம் அழகும் காட்ட வேண்டும். காரில் வேண்டாத பாகங்களைக் கழற்றி விற்றால் அந்தப் பணத்தை ஒரு வரம்புக்குட்பட்டுக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். எமது பஞ்சிகாவத்தைச் சகோதரர்கள் போனால் கிண்ணத்தோடு கொஞ்சம் இலாபமும் கொண்டு வருவார்கள் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

இனி ஸ்கொட்லாந்துக்குப் போவோம். இந்த விடயத்தில் நன்கு அறியப்பட்ட மனிதர் அங்கே ஒரு கராஜிலிருந்து வந்தவர்.

ஜேக்கி ஸ்டுவர்ட் 1939இல் பிறந்தார். தகப்பனார் டன்பார்டன் பகுதியில் ஒஸ்டின் கார் விற்று, திருத்தியும் கொடுக்கும் கராஜ் வைத்திருந்தார். பிள்ளைக்குப் பாடசாலையில் எழுத்து ஏறவில்லை. ஆசிரியர்களும் சக மாணவர்களும் மடையன் என்று அவமானப்படுத்தினார்கள். பதின்ம வயதின் நடுவிலேயே படிப்பை விட்டுவிட்டுத் தகப்பனின் கராஜில் வேலைக்குச் சேர்ந்தார். எமது ஊர்களில் நூறு வீட்டில் நடக்கும் கதைதான். வித்தியாசம் இனித்தான் வருகிறது. கராஜில் வாடிக்கையாளர்கள் கொடுத்த சந்தோஷப் பணத்தைச் சேர்த்து, 17 வயது நிரம்புவதற்குச் சற்று முன் 375 பவுண் கொடுத்து ஒரு ஒஸ்டின் ஏ30 வாங்கினார். அறுபது வருடம் கழித்து ஒரு பேட்டியில் அந்தக் காரின் இளம் பச்சை நிறத்தையும் விலையையும் உள் ஆசனத் துணியின் நிலையையும் ஒப்புவித்தார். வாசிக்கத் தெரியாதவரின் ஞாபகம் அது!

அவருக்கு ரேஸ் வாய்ப்புக் கொடுத்தவர் எந்தப் பெரிய கம்பனியும் அல்ல. கராஜுக்கு வந்து போன ஒரு வாடிக்கையாளர், பெரி பைலர் என்பவர், தன் கார்களை இவரிடம் தயார்படுத்தக் கொடுத்து, பிறகு ஓட்டவும் விட்டார். தாயாருக்கு ரேஸ் பிடிக்காது என்பதால் பெயரை மறைத்து, "வேறொருவர்" என்ற பொருள்படும் பெயரில் பதிந்து ஓடினார். அடுத்து அவரைக் கைதூக்கி விட்டவர் கென் டிரல். இவர் ஒரு மர வியாபாரி. தன் மரக்காலையிலிருந்தே ரேஸ் அணி நடத்தியவர். 1969, 1971, 1973 என மூன்று முறை ஸ்டுவர்ட் உலக சம்பியன் ஆனார், மூன்று முறையும் அந்த மர வியாபாரியின் அணியில். 1968இல் ஜேர்மனியின் நூர்பர்கிரிங் பாதையில் மழையும் மூடுபனியும் கலந்த நாளில் நான்கு நிமிடத்துக்கும் கூடுதலான இடைவெளியில் வென்றது இன்றும் பேசப்படுகிறது. அந்தப் பாதை 22 கிலோமீற்றருக்கும் அதிகம். அதில் 187 வளைவுகள் என்று அவரே கணக்குச் சொல்வார். அகர வரிசையைக் கடைசி வரை சொல்லத் தடுமாறும் தன்னால், அந்த 187 வளைவிலும் எங்கே பிரேக், எங்கே கியர் என்று சொல்ல முடியும் என்று பல மேடைகளில் கூறியிருக்கிறார்.

தனக்கு டிஸ்லெக்ஸியா இருக்கிறது என்று அவருக்குத் தெரியவந்தது 1980இல். மகனைப் பரிசோதிக்கப் போன இடத்தில் தகப்பனுக்கும் சேர்த்து விடை கிடைத்தது. அப்போது அவருக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது, உலகப் பட்டம் மூன்றும் வீட்டில் இருந்தன. அதுவரை தான் ஒரு மடையன் என்ற எண்ணம் அடிமனதில் கிடந்ததாகவே அவர் சொல்லி வந்திருக்கிறார். இந்த இடத்தில்தான் நான் வாசிப்பதை நிறுத்தி யோசித்தேன். உலக சம்பியனுக்கே அந்தச் சொல் உள்ளே கிடந்தது என்றால், கடைப் பின்கட்டில் சாக்கு அடுக்கும் பையனுக்கு என்ன நிலைமை?

பிற்காலத்தில் அவர் வியாபாரியாகவும் வென்றார். 1997இல் மகன் போலுடன் சேர்ந்து போர்மியுலா வன் அணி ஒன்றை இறக்கினார். 1999இல் போர்ட் கம்பனி அதை வாங்கியது. அதே அணி ஜாகுவார் என்ற பெயரில் ஓடி, பிறகு கைமாறி, இன்று ரெட் புல் என்ற பெயரில் ஓடுகிறது.

நமது காலத்து இளைஞர்களில் அமெரிக்காவின் ஆர்மனி வில்லியம்ஸைச் சொல்லலாம். 2000இல் பிறந்தவர். இரண்டு வயதில் ஒட்டிசம் என்று கண்டறியப்பட்டது. சிறுவர் கோ-கார்ட் ஓட்டத்தில் ஆரம்பித்து, 2021இல் நாஸ்கார் அமைப்பின் தேசிய ட்ரக் தொடரிலும் ஓடினார். தனக்கு ஒட்டிசம் இருப்பதை வெளிப்படையாகச் சொல்லியே ஓடுகிறார். பிரித்தானியாவில் மாற்றுத்திறனாளி ஓட்டுநர்களைக் கொண்ட டீம் பிரிட் என்ற அணியில் ஒட்டிசம் உள்ள பொபி ட்ரண்ட்லி, கால் இயங்காத சக ஓட்டுநர்களோடு ஒரே காரைப் பகிர்ந்து ஓடியிருக்கிறார்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு ஒட்டிசம் என்றால் ஏதோ ஒரு விசேட ஆற்றல் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அதுவும் ஒரு அநியாயம்தான். ஒட்டிசம் உள்ள பலருக்கு இந்த இயந்திர இரைச்சலும் பெற்றோல் வாடையும் தாங்க முடியாத வேதனை. வாழ்நாள் முழுதும் பராமரிப்புத் தேவைப்படுவோரும் உண்டு. கவனக் குறைபாடு உள்ளோர் பொது வீதியில் விபத்துக்குள்ளாகும் சாத்தியம் சற்றுக் கூடுதல் என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே "மகனுக்கு வேகம் பிடிக்கும்" என்று மோட்டார் சைக்கிளை வாங்கிக் கொடுத்து காலி வீதியில் விடுவது இதற்கு மருந்தாகாது. ஸ்டுவர்ட் போன்ற ஒருவருக்குப் பின்னால், எந்தக் கிண்ணமும் வாங்காமல் இருபது வருடமாக ஞாயிறு தோறும் நேரக் கணிப்பு அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் பலர். எனது பார்வையில் திடலின் பெறுமதி அவர்களிடம்தான் இருக்கிறது.

எமது நாட்டிலும் மோட்டார் விளையாட்டு புதிதல்ல. நுவரெலியா மகாகஸ்தோட்டை மலையேற்ற ஓட்டம் 1934இல் ஆரம்பமானது. ஆனால் நாம் அதைத் தூரத்தில் நின்று பார்க்கும் கூட்டமாகவே வளர்ந்துவிட்டோம். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ் ஹில் போட்டியில் கார் பாதையை விட்டு விலகிப் பார்வையாளருக்குள் பாய்ந்து 7 உயிர்கள் போனதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கூம்புத் திடலில் இந்தக் கூட்டமே இல்லை. வந்தவரெல்லாம் ஓட்டுபவர் அல்லது வேலைக்காரர்.

இப்போது எமது கடைகளுக்கு வருவோம். 2009இல் வெளியான ஓர் இலங்கை ஆய்வு, அரை நகர்ப்புறப் பிரதேசம் ஒன்றில் 18 முதல் 24 மாதப் பிள்ளைகளைப் பரிசோதித்து, 93 பேரில் ஒருவருக்கு ஒட்டிசம் என்று கணக்கிட்டது. இது ஒட்டிசம் மட்டும். டிஸ்லெக்ஸியாவும் கவனக் குறைபாடும் அதைவிட அதிகம் காணப்படுபவை. ஒரு ஜும்ஆப் பள்ளியின் ஸஃப்களை மனதில் எண்ணிப் பாருங்கள். இந்தப் பிள்ளைகள் எங்கே? சிலர் வீட்டுக்குள். சிலரை நூல் கட்டவும் ஓதிப் பார்க்கவும் ஊர் ஊராகக் கொண்டு போகிறார்கள். லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டிய வயதெல்லாம் அதிலேயே கழிந்துவிடுகிறது. மீதிப் பேர் எமது கடைகளில், "சொன்னது விளங்காதவன்" என்ற பெயரோடு.

சொன்னது விளங்காததற்கு நாம் சொல்லும் விதமும் ஒரு காரணம். "கடையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்", "ஆளைப் பார்த்து விலையைச் சொல்லு", "சும்மா நிற்காமல் ஏதாவது செய்" என்கிறோம். கட்டம் வரையாத கூம்புகள் இவை. முகத்தைப் பார்த்து மனதை அறியும் பிள்ளை இதில் தப்பிப் பிழைப்பான். மற்றவன் நாள் முழுதும் திட்டு வாங்குவான். நபி (ஸல்) அவர்கள் கண்பார்வையற்ற இப்னு உம்மு மக்தூம் (ரழி) அவர்களுக்குப் பாங்கு சொல்லும் பொறுப்பைக் கொடுத்தார்கள், தாம் மதீனாவை விட்டு வெளியே சென்ற வேளைகளில் அங்கே பொறுப்பாகவும் நியமித்தார்கள். இந்தச் சரித்திரத்தைப் பயான்களில் கேட்டுத் தலையாட்டிய நாம், திங்கட்கிழமை கல்லாவில் உட்காரும்போது அதை மறந்துவிடுகிறோம்.

எனக்குத் தெரிந்த ஒரு உதிரிப்பாகக் கடை முதலாளி, தன் தங்கையின் மகனைக் கவுண்டரில் நிறுத்தினார். பையன் வாடிக்கையாளர் முகத்தைப் பார்ப்பதில்லை. பேரம் பேசினால் உள்ளே போய்விடுவான். மூன்று மாதத்தில் அவனை வீட்டுக்கு அனுப்பத் தீர்மானித்தார். அந்த வாரம் ஸ்டோரில் ஆள் குறைவு என்பதால் பின்னால் போட்டார். டொயோட்டா பாகங்களின் இலக்கம் ஐந்து, கோடு, ஐந்து என்று வரும் என்பது அத்தொழிலில் உள்ளோருக்குத் தெரியும். முதல் ஐந்து, பொருளின் இனம். 04465 என்றால் முன் பிரேக் பேட். 90915 என்றால் ஒயில் பில்டர். பின் ஐந்து எந்த வாகனத்துக்கு என்பதைப் பிரித்துக் காட்டும். பையன் அதை யாரும் சொல்லிக் கொடுக்காமலே பிடித்துக்கொண்டான். இலக்கப்படி ராக்கைகளை மாற்றி அடுக்கினான். பிழையான பெட்டியில் கிடந்த பாகங்களைப் பொறுக்கி எடுத்தான். இரண்டு வருடமாக "இல்லை" என்று திருப்பி அனுப்பிய சில பொருட்கள் கடைக்குள்ளேயே இருந்தது அப்போதுதான் முதலாளிக்குத் தெரிந்தது.

இன்றும் அவன் கவுண்டருக்கு வருவதில்லை. பொருள் கேட்டு ஒரு துண்டு உள்ளே போகும், பொருள் வெளியே வரும். வேலை நேரம் திடீரென்று மாறினால் மட்டும் குழம்பிப் போய்விடுவான். அதனால் நோன்பு காலத்தில் கடை திறக்கும் நேரம், பூட்டும் நேரம், தொழுகைக்கான இடைவேளை எல்லாவற்றையும் மாமனார் ஒரு வாரத்துக்கு முன்பே கடதாசியில் எழுதி ஸ்டோர் கதவில் ஒட்டிவிடுகிறார். அந்தக் கடதாசியை இப்போது மற்ற ஊழியர்களும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்களாம்.